கோடிங் கற்க முதலில் ஒரு பென்சில் போதும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார இணைப்பிதழில் எல்லோரும் கோடிங் கற்றே ஆக வேண்டும் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். கூடவே ஒரு படம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மழையாய்க் கொட்டுகின்றன, அதன் முன்னால் தலையை மூடிய சட்டையோடு முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் படத்தைப் பார்த்த பிறகும் ஒருவர் கற்றுக்கொள்ள முன்வந்தார் என்றால் அவர் ஏற்கெனவே கற்றவராகத்தான் இருக்க வேண்டும். அதற்கு மறுநாள் ஒரு வாசகர், இனிமேல் எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே எழுதிக் கொடுத்துவிடும், நாம் எதற்கு மெனக்கெட வேண்டும் என்று எழுதியிருந்தார். கட்டுரையாளர் பயமுறுத்துகிறார், வாசகர் ஓய்வு கொடுக்கிறார், ஆனால் இணையப் பக்கம் என்பது ஏதோ மந்திர வேலை என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமை. அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் ஓய்வு பெற்ற புரூஃப் ரீடர். அச்சுக்கு முன்னால் எடுக்கும் காலி புரூஃப் என்ற திருத்தப்படியில் சிவப்புப் பென்சிலோடு கண்ணைக் கெடுத்துக்கொண்ட வகையறா. ஓய்வுக்குப் பிறகு, இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் குறியீட்டு முறையான எச்டிஎம்எல்லைக் கற்றுக்கொண்டு, இப்போது என் வயதுக்காரர்கள் சிலருக்கும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கோடிங் என்ற பெரிய பெயரைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஓர் எளிய இணையப் பக்கம் எழுதுவதை மட்டும் எடுத்துக்கொண்டால், அதில் இருப்பது புரூஃப் பார்ப்பவர் தாளில் போடும் குறிகள்தான். வேறு ஒன்றும் இல்லை. உங்கள் செய்திப் பிரிவில் பாதிப் பேருக்கு இது ஏற்கெனவே தெரியும், தெரியும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

சொல்லின் கீழே நேர்கோடு போட்டால் சாய்வெழுத்து, அலைக்கோடு போட்டால் தடித்த எழுத்து, இங்கே புதுப் பாரா, இது தலைப்பு, இது துணைத் தலைப்பு. இந்தக் குறிகள் எதுவும் அச்சில் வராது. அவை வாசகருக்கு இல்லை, எழுத்து அடுக்கும் கம்போசிட்டருக்கு. எச்டிஎம்எல்லில் டேக் என்று சொல்கிறார்களே, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. கோண அடைப்புக்குறிக்குள் ஓரிரண்டு எழுத்து எழுதினால், இங்கிருந்து பாரா தொடங்குகிறது என்று, பக்கத்தைத் திரையில் காட்டும் பிரௌசர் புரிந்துகொள்ளும். முடியும் இடத்தில் அதே எழுத்தை ஒரு சாய்கோட்டோடு எழுதினால் பாரா முடிந்தது. ஒரே வித்தியாசம், கம்போசிட்டர் முணுமுணுப்பார், பிரௌசர் முணுமுணுக்காது.

இது நான் வலிந்து கண்டுபிடித்த ஒப்புமை என்று நினைக்க வேண்டாம், வரலாறே அப்படித்தான் வந்திருக்கிறது. 1969இல் ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி என்ற மூவர், ஆவணங்களைக் கணினியில் குறியிடுவதற்கு ஒரு முறையை உருவாக்கினார்கள். அதன் சூட்சுமம் எல்லாம் ஒரே இடத்தில்தான்: "இதைப் பெரிய தடித்த எழுத்தில் போடு" என்று குறிப்பதற்குப் பதிலாக "இது தலைப்பு" என்று மட்டும் குறிப்பது. எப்படிப் போடுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த முறையின் வாரிசு 1986இல் ஐஎஸ்ஓ 8879 என்ற எண்ணில் பன்னாட்டுத் தரமானது, பெயர் எஸ்ஜிஎம்எல். ஜெனீவா பக்கத்தில் இருக்கும் சேர்ன் என்ற இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஆவணங்களை எழுத அதன் ஒரு வடிவத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். இணையப் பக்கங்களின் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ அங்கே இருந்தவர். தலைப்பு, பாரா, பட்டியல் எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டு, ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குக் கூட்டிப்போகும் லிங்க் என்ற ஒன்றைச் சேர்த்தார். 1991இல் எச்டிஎம்எல்லுக்கு அவர் எழுதிய முதல் விளக்கத்தில் இருந்தவை 18 டேக்குகள். எங்கள் அச்சகத்துச் சுவரில் ஒட்டியிருந்த திருத்தக் குறிப் பட்டியல் அதைவிட நீளம், அதைக் கற்றுக்கொண்டதற்காக எங்களை யாரும் மேதை என்று சொன்னதில்லை.

அந்தப் பதினெட்டில் படத்துக்கு இடமே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. பக்கத்துக்குள்ளேயே படம் காட்டும் டேக் வேண்டும் என்று மொசைக் பிரௌசரை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் ஆண்டிரீசன் முன்மொழிந்தது 1993 பிப்ரவரியில்தான். அதற்கு முன்னால் இருந்த பக்கங்கள் பழைய அரசிதழ் மாதிரி எழுத்தும் எழுத்துமாகத்தான் இருந்தன. உலகத்தின் முதல் இணையப் பக்கத்தைச் சேர்ன் மறுபடியும் அதன் பழைய முகவரியிலேயே வைத்திருக்கிறது, இன்றைய கைபேசியிலும் தகராறு இல்லாமல் திறக்கிறது. அந்தக் காலத்து ஃப்ளாப்பியில் எழுதி வைத்ததைத் திறந்து பார்க்க இன்றைக்கு நாம் எத்தனை பேர் காலில் விழ வேண்டியிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, லிங்க். இதைச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் வகுப்பில் எல்லோரும் முகத்தைச் சுருக்குவார்கள். அப்போது நான் உங்கள் பத்திரிகையைத்தான் எடுத்துக் காட்டுவேன். முதல் பக்கச் செய்தியின் அடியில் "தொடர்ச்சி 7ஆம் பக்கம்" என்று இருக்கிறதல்லவா, அதுதான் லிங்க். எங்கே போக வேண்டும் என்பது ஒரு பகுதி, வாசகர் கண்ணுக்குத் தெரியும் சொல் இன்னொரு பகுதி, ஏ என்ற ஒற்றை எழுத்து டேக்குக்குள் இரண்டும் அடக்கம். 7ஆம் பக்கத்துக்குப் போனால் அங்கே குறுக்கெழுத்துப் புதிர் மட்டும் இருப்பதும் எப்போதாவது நடக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அதற்கு இணையத்தில் 404 என்று பெயர் வைத்து மரியாதை செய்திருக்கிறார்கள். அச்சில் அதற்கு எண் கிடையாது, மறுநாள் ஒரு மூலையில் வருத்தம் தெரிவிப்பதோடு சரி.

ஆகவே என் முதல் பாடத்துக்குக் கணினியே தேவையில்லை. அன்றைய செய்தித்தாளின் முதல் பக்கம், ஒரு பென்சில், அவ்வளவுதான். முதன்மைத் தலைப்பைச் சுற்றி எச் 1 என்று எழுதுங்கள். அதன் கீழே உள்ள தலைப்புகளுக்கு எச் 2. உட்தலைப்பு இருந்தால் எச் 3. மொத்தம் ஆறு நிலை உண்டு, ஆறாவதுவரை போகிறவர் வழக்கறிஞராகவோ அரசாணை எழுதுகிறவராகவோதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பாராவின் தொடக்கத்திலும் முடிவிலும் பி. புள்ளி போட்ட பட்டியலுக்கு யூஎல், உள்ளே ஒவ்வொரு வரிக்கும் எல்ஐ. வானிலைக் கட்டத்துக்கு டேபிள். படத்துக்கு ஐஎம்ஜி. ஒரு பக்கத்தை முழுக்கக் குறித்து முடித்தவர் எச்டிஎம்எல்லின் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டார் என்று தைரியமாகச் சொல்வேன். மீதி தட்டச்சு.

பென்சிலில் தொடங்குவதால் இன்னொரு லாபம் உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நேராகக் கணினியில் உட்கார்கிறவர் முதலில் செய்வது எழுத்தைப் பெரிதாக்குவதும் சிவப்பாக்குவதும்தான். தலைப்பு பெரிதாகத் தெரிந்தால் போதாதா என்று கேட்பார். போதாது. கண் தெரியாத ஒருவர் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருளை வைத்துப் பக்கத்தைக் காதால் படிக்கும்போது, தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் தனக்கு வேண்டியதைத் தேடுகிறார். தலைப்பு என்று குறித்திருந்தால்தான் அந்த மென்பொருளுக்குத் தெரியும். வெறுமனே பெரிய சிவப்பு எழுத்து என்றால் அதுவும் இன்னொரு வரி, அவ்வளவுதான். பென்சிலுக்குப் பெரிதாக்கவும் தெரியாது, சிவப்பைத் தவிர வேறு நிறமும் தெரியாது, அதனால் மாணவர் "இது என்ன" என்று மட்டும் யோசிக்க வேண்டியிருக்கிறது. எப்படித் தெரிய வேண்டும் என்பதற்குத் தனியாக சிஎஸ்எஸ் இருக்கிறது. அதை ஹோக்கன் வியூம் லீ என்பவர் 1994இல் முன்மொழிந்து 1996 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது. அதை இரண்டாம் மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம், அவசரம் இல்லை.

படத்துக்கு ஆல்ட் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும், படம் தெரியாதவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல. இதற்கும் உங்கள் பத்திரிகைதான் பாடப்புத்தகம், ஆனால் எதிர்மறைப் பாடம். "படத்தில் இடமிருந்து வலமாக" என்று ஏழு பேர் பெயர் போடுகிறீர்கள், அவர்கள் நிற்கிறார்களா, ரிப்பன் வெட்டுகிறார்களா, அடித்துக்கொள்கிறார்களா என்று படத்தைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். என் மாணவர்களுக்கு அந்தப் பட விளக்கத்தை மாற்றி எழுதுவதுதான் வீட்டுப்பாடம், பிரமாதமாக எழுதுகிறார்கள். சிலது நீங்கள் போட முடியாத அளவுக்குப் பிரமாதம்.

அப்புறம் தட்டச்சு. இதற்கு விலை கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை. கணினியோடு வரும் நோட்பேட் போதும், பிரௌசர் ஏற்கெனவே இருக்கிறது. இணைய இணைப்புகூட வேண்டாம், உங்கள் ஃபைலை உங்கள் கணினியிலேயே திறந்து பார்க்கலாம். இங்கே புதியவர்கள் வழுக்கும் இடங்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தவைதான், ஆனால் எந்தக் கட்டுரையிலும் இவற்றை எழுதுவதில்லை. சேமிக்கும்போது பெயரை இண்டெக்ஸ் புள்ளி எச்டிஎம்எல் என்று கொடுத்தாலும் நோட்பேட் பல நேரம் பின்னால் டிஎக்ஸ்டி என்ற வாலை ஒட்டிவிடும், விண்டோஸ் அந்த வாலை மறைத்தும் வைக்கும், மாணவர் பிரௌசரில் தன் பக்கத்துக்குப் பதிலாகத் தான் எழுதிய டேக்குகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சேமிக்கும் பெட்டியில் எல்லா வகை ஃபைல்களும் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. இடைவெளிப் பட்டையை இருபது முறை தட்டித் தலைப்பை நடுவுக்குத் தள்ளப் பார்ப்பார்கள், பிரௌசர் இருபதையும் ஒன்றாகச் சுருக்கிவிடும். என்டரைத் தட்டித் தட்டி வரி பிரிப்பார்கள், அதையும் அது ஓர் இடைவெளியாகத்தான் எடுத்துக்கொள்ளும். இடத்தை வீணாக்கக் கூடாது என்பதில் பழைய பத்திரிகை மேலாளர்களுக்கு நிகரானது பிரௌசர்.

படத்துக்கு முகவரி கொடுப்பதில்தான் பெரிய கூத்து. தன் கணினியின் சி டிரைவில் தொடங்கி அந்தப் படம் இருக்கும் ஃபோல்டர் வரைக்கும் முழு வழியையும் எழுதிவிடுவார்கள். அவர் திரையில் படம் அழகாக வரும். பக்கத்தை, இணையத்தில் எல்லோருக்கும் வழங்கும் கணினியான சர்வரில் ஏற்றிய பிறகும் அவருக்கு மட்டும் படம் தெரிகிற மாதிரி ஒரு பிரமை, மற்றவர்களுக்கெல்லாம் கிழிந்த தாள் மாதிரி ஒரு சின்னம். உலகத்தார் எல்லோரும் தன் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள் என்ற நல்லெண்ணம்தான் காரணம். படத்தை அந்தப் பக்கம் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு, பெயரை மட்டும் எழுதினால் போதும். பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறக் கூடாது. உங்கள் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, பெரும்பாலான சர்வர்களில் ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளம் கண்டுகொள்ளும்.

இவ்வளவு தவறு செய்தாலும் பிரௌசர் திட்டாது என்பதுதான் எச்டிஎம்எல்லின் பெருந்தன்மை. தடித்த எழுத்தைத் தொடங்கி முடிக்க மறந்தால், அதற்குப் பிறகு வருவதெல்லாம் தடித்து நிற்கும், ஆனால் பக்கம் வந்துவிடும். இந்தத் தாராளம் பிடிக்காமல், ஒரு பிழை இருந்தாலும் பக்கமே காட்டக் கூடாது என்ற கண்டிப்போடு எக்ஸ்எச்டிஎம்எல் என்று ஒன்று 2000 ஜனவரியில் வந்தது. புரூஃப் ரீடர் என்ற முறையில் எனக்கு அது சொர்க்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு குறி விட்டுப்போனதற்காக அன்றைய பத்திரிகையையே அச்சிடாமல் நிறுத்துகிற ஆசிரியரிடம் யார் வேலை பார்ப்பது? அடுத்த பதிப்புக்கான பணியை 2009இல் கைவிட்டார்கள். பின்னால் வந்த எச்டிஎம்எல் 5, எந்தத் தவறை எப்படிப் பொறுத்துப் போக வேண்டும் என்பதையே விதியாக எழுதி வைத்தது. மன்னிப்புக்கு இவ்வளவு நீளமான கையேடு வேறெங்கும் நான் படித்ததில்லை.

தமிழில் பக்கம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தலைப்பகுதியில், எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 என்று குறிக்கும் வரியை மறக்காதீர்கள், அதையும் மேலேயே எழுதுங்கள், முதல் 1024 பைட்டுக்குள் (பைட் என்பது கணினி நினைவின் சிறிய அளவு) இருக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் உங்கள் தமிழ் எல்லாம் ஐரோப்பிய எழுத்துகளின் சந்தையாக மாறி நிற்கலாம். நோட்பேட் யூடிஎஃப்-8ஐத் தானாகவே எடுத்துக்கொள்ளத் தொடங்கியது 2019 விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான், அதற்கு முந்தைய கணினி என்றால் சேமிக்கும்போது நாமே தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. இந்த முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று, தமிழ் என்று எழுதினாலே 15 பைட். பரவாயில்லை, நம் எழுத்துக்கு எடை அதிகம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். டேக்குகளை மட்டும் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் செய்கிற மாதிரி தமிழில் கோண அடைப்புக்குறிக்குள் பி என்று எழுதினால் பிரௌசர் அதைக் குறியாகவே மதிக்காது, அப்படியே வாசகருக்குக் காட்டிவிடும். ஏழைக்கு ஏற்ற பிழைக் கண்டுபிடிப்பு வசதி.

இந்த யூடிஎஃப்-8 எங்கே பிறந்தது தெரியுமா? 1992 செப்டம்பரில் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில், ராப் பைக் என்ற கணினி அறிஞர் எதிரில் உட்கார்ந்திருக்க, அவருடைய சக அறிஞர் கென் தாம்சன் எழுதியது. அதேபோல் உலகத்தின் முதல் இணைய சர்வராக இருந்த பெர்னர்ஸ்-லீயின் நெக்ஸ்ட் கணினியை யாரும் அணைத்துவிடாமல் காத்தது எந்தப் பாதுகாப்பு மென்பொருளும் இல்லை, "இது சர்வர், அணைக்காதீர்கள்" என்று சிவப்பு மையில் கையால் எழுதி ஒட்டிய ஒரு துண்டுச் சீட்டு. அதைக் கிழித்திருந்தால் அன்றைய இணையம் முழுவதும் போயிருக்கும், முழுவதும் என்றால் அந்த ஒரு கணினிதான். ஆகவே காகிதத்தைக் கேவலமாக நினைக்கும் கணினிக்காரர்களிடம் இந்த இரண்டையும் சொல்லி வைப்பது என் வழக்கம்.

காகிதத்தின் பக்கம் நின்று இன்னும் கொஞ்சம் பேசுகிறேன். பெல்ஜியத்தில் பால் ஒத்லே, ஹென்றி லா ஃபோன்தேன் என்ற இருவர் 1895இல் தொடங்கி, உலகத்தில் எழுதப்பட்ட எல்லாவற்றுக்கும் அட்டை அட்டையாகக் குறிப்பு எழுதி இழுப்பறைகளில் அடுக்கினார்கள், ஒரு கோடிக்கு மேல் சேர்ந்தது. கேள்வியைத் தபாலில் அனுப்பினால் உரிய அட்டைகளைத் தேடி நகலெடுத்துப் பதில் அனுப்புவார்கள். தேடுபொறிதான், கொஞ்சம் மெதுவான தேடுபொறி. நடுவில் விளம்பரமும் கிடையாது. இணையத்தையே காகிதத்தில் ஓட்டியவர்களும் உண்டு. 1990 ஏப்ரல் முதல் தேதி டேவிட் வைட்ஸ்மன் என்பவர், இணையத் தரவைப் புறா மூலம் அனுப்புவதற்கான நெறிமுறையை 1149 என்ற எண்ணுள்ள ஆவணமாக, முழு அதிகாரபூர்வ மொழியில், முகத்தில் சிரிப்பே இல்லாமல் வெளியிட்டார். 2001இல் நார்வேயின் பெர்கன் நகரத்து லினக்ஸ் ஆர்வலர்கள் அதை உண்மையாகவே செய்து பார்த்தார்கள். தரவைத் தாளில் அச்சிட்டுப் புறாவின் காலில் சுற்றி அனுப்பினார்கள். போன தரவுப் பொட்டலம் 9, பதில் வந்தது 4. மிக விரைவாக வந்த பதிலுக்கே ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. எங்கள் பகுதி இணைப்பு சில மாலைகளில் இதற்கு நல்ல போட்டி கொடுக்கும் என்று நினைக்கிறேன், பெயர் சொல்ல விரும்பவில்லை.

வகுப்பில் எப்போதும் ஒருவர் கேட்பார், கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஆகாதா என்று. பல நேரம் ஆகும் என்றுதான் சொல்வேன். ஒரே கட்டடத்தில் இருக்கும் நாற்பது பேருக்கு நாளைக் கூட்டம் பத்து மணிக்கு என்று சொல்லக் கரும்பலகையை மிஞ்சிய தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை. கடவுச்சொல் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் புதிய பதிப்பு, யார் படித்தார்கள் என்று எட்டிப் பார்த்தாலே தெரியும். பாப்-அப் விளம்பரம் என்பது யாராவது குறுக்கே வந்து நிற்பதுதான், நகரச் சொன்னால் நகர்வார். ஒரு தாளில் எழுதினால் போகிற விஷயத்துக்கு இணையதளம் கட்டி, அதற்கு மூன்று வருடம் முகவரிக் கட்டணம் கட்டி, பிறகு அதை மறந்துபோய், முகவரி வேறு யாரோ கைக்குப் போய் அங்கே சூதாட்ட விளம்பரம் வந்து நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் காகிதத்துக்கு முடியாதவை சில உண்டு. பெரிய அறிவிப்பைச் சின்னதாக மடித்தால் எழுத்து தானாக அகலத்துக்கேற்ப அடுக்கிக்கொள்ளாது, வெறும் எச்டிஎம்எல் பக்கம் எந்தத் திரையிலும் தானாகவே அடுக்கிக்கொள்ளும். தாளைக் குரலாக்கிக் கேட்பது கடினம். வெளிநாட்டில் இருக்கும் பெண்ணுக்குக் கரும்பலகையை அனுப்ப முடியாது. அந்த மாதிரித் தேவை வரும்போது ஒருவர் தானே ஒரு பக்கம் எழுதிப் போடத் தெரிந்திருந்தால் நல்லதுதானே, அதற்கு மேல் நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கும் என்ற வாசகருக்கு வருகிறேன். எழுதிக் கொடுக்கும், உண்மைதான், நானே பயன்படுத்துகிறேன். ஒரு பாராவும் ஒரு படமும் கேட்டால், கேட்காத அசைவுகளோடு, நாம் தொடவே பயப்படுகிற அளவுக்கு நீளமாகக் கொடுக்கும். அதில் தொலைபேசி எண் மட்டும் மாற வேண்டும் என்றால் எங்கே மாற்றுவது? குறிகளைப் படிக்கத் தெரிந்தவர் பாராவைத் தேடிப் பிடித்து மாற்றிவிட்டு எழுந்துவிடுவார். தெரியாதவர் மறுபடியும் கேட்பார், அது எண்ணை மாற்றும்போது தலைப்பையும் சேர்த்து மாற்றிக் கொடுக்கும், இவருக்கு அது கண்ணில் படாது. நிருபர் எழுதிக் கொடுத்தாலும் துணை ஆசிரியர் எதற்காக இருக்கிறார்? அந்த வேலை எங்கும் போகவில்லை, கூடித்தான் இருக்கிறது. பிரௌசரில் கண்ட்ரோலையும் யூவையும் சேர்த்து அழுத்தினால் எந்தப் பக்கத்தின் குறிகளையும் பார்க்கலாம். அதைப் பார்த்துத் தலையும் வாலும் பிரிக்கத் தெரிவதைத்தான் அடிப்படை என்கிறேன். நிரலாளர் ஆவதற்கு ஜாவாஸ்கிரிப்ட் அது இது என்று வேறு பெரிய பாதை இருக்கிறது, அது எல்லோருக்கும் வேண்டியதில்லை என்பதில் அந்த வாசகரோடு எனக்குச் சண்டை இல்லை.

இப்போது கோரிக்கை. வாரம் அரைப் பத்தி இடம் கொடுங்கள். செய்தித்தாளிலேயே எச்டிஎம்எல் பாடம். சிரிக்காதீர்கள், 1980களில் கணினி இதழ்கள் முழு நிரல்களையும் பக்கம் பக்கமாக அச்சிட்டன, வாசகர்கள் அவற்றைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்கள், அச்சுப் பிழைக்கு அடுத்த இதழில் திருத்தம் வரும், அப்படிக் கற்ற தலைமுறைதான் பின்னால் இந்தத் துறையையே நடத்தியது. நியூசிலாந்தில் டிம் பெல் என்ற பேராசிரியரும் நண்பர்களும் 1990களிலேயே கணினியே இல்லாமல் அட்டையும் சுண்ணக்கட்டியும் வைத்துக் கணினி அறிவியல் நடத்தும் பாடங்களை உருவாக்கினார்கள், இன்றைக்கும் பல நாடுகளில் பயன்படுகிறது. நமக்கு வேண்டியது அதைவிட எளிது, பாடத்துக்கான பயிற்சித் தாளும் அந்தப் பத்திரிகையிலேயே இருக்கிறது, அதே பக்கத்தைப் பென்சிலால் குறிக்கச் சொன்னால் போதும்.

பணமும் வேண்டாம், பெயரும் வேண்டாம், நான் எழுதித் தருகிறேன். பதிலுக்கு உங்கள் பக்க வடிவமைப்பாளரிடம் சில விஷயங்களைச் சொல்லி வையுங்கள். மேற்கோள் குறியை உங்கள் மென்பொருள் அழகுக்காக வளைத்துவிடும், டேக்குக்குள் அது நேராக நிற்க வேண்டும், வளைந்த குறியை அப்படியே தட்டினால் அதுவும் முகவரியின் ஒரு பகுதி ஆகிவிடும், லிங்க் எங்கும் போகாது. குறிகள் வரும் வரிகளை இரு ஓரமும் சமமாக இழுத்து நிரப்ப வேண்டாம். வரி முடிவில் சொல்லை ஒடித்து இணைப்புக்கோடு போட வேண்டாம், வாசகர் அந்தக் கோட்டையும் தட்டுவார், அவர் மேல் தப்பில்லை. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் உள்ள எழுத்துருவாக இருந்தால் நல்லது, எல் என்ற சின்ன எழுத்தும் ஒன்று என்ற எண்ணும் வேறுவேறாகத் தெரிய வேண்டும்.

முதல் வாரப் பாடத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான், கையெழுத்து. டேக்குகள் எல்லாம் அதில் முறைப்படி ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. நான்காவது வரியில் ஒரு பாராவை வேண்டுமென்றே மூடாமல் விட்டிருக்கிறேன், வாசகர்கள் கண்டுபிடிப்பதற்காக. உங்கள் அலுவலகத்தில் இப்போது புரூஃப் பார்க்கிற தம்பியோ தங்கையோ அதைத் திருத்தி விடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புரூஃப் ரீடர் ஒருவர்